சேலை கட்டிய கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக வாசலுக்கு வரும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விடும். நாங்கள் வாங்கியது பழைய கார். வாரம் முழுக்கச் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் முட்டி மோதிவிட்டு வந்து நிற்கும்போது, அது என்ன நிறம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். 'வாட்டர் சர்வீஸில் விட்டால் ஆயிற்று' என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். கொண்டுபோய் விடவும் மாட்டார். கடைசியில் குனிகிறவள் நான்தான். குனிந்து சக்கரத்தில் தண்ணீரை ஊற்றப் போனால், "மேலருந்து வா சாமி, மேலருந்து வா" என்று காதுக்குள் ஒரு குரல் அதட்டும். சக்கரத்தை விட்டுவிட்டு, எட்டாத கூரைக்கு எட்டி எட்டித் தண்ணீர் ஊற்றுவேன். அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். திட்டிக்கொண்டேதான் நினைப்பேன்.

நாமக்கல்லில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர். வாலிபம் முழுவதையும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடநாட்டில் கழித்துவிட்டு, சேர்த்த காசில் வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். ரிக்காரர் வீடு என்றால் தெருவில் பால்காரரிலிருந்து போஸ்ட்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டிக் கொடுத்தவர் வீட்டு போரில் வந்தது என்னவோ உப்புத் தண்ணீர். குளித்தால் தலைமுடி தேங்காய் நார் ஆகிவிடும். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த உப்புத் தண்ணீர்தான் அவருடைய முதல் எதிரி. இரண்டாவது எதிரி தூசி. மூன்றாவது, மாடியில் துணி காயப்போடும் நான்.

அவர் கார் கறுப்பு. வாங்கும்போது, 'நம்ம பக்கத்துத் தூசிக்குக் கறுப்பு ஆகாது, அப்பட்டமாகத் தெரியும், வெள்ளை எடுத்துக்கோங்க' என்று கடையில் படித்துப் படித்துச் சொன்னார்களாம். "தெரிஞ்சாத்தானுங்க தொடைக்க முடியும்? வெள்ளைல இருந்தா அழுக்கு இருந்துக்கிட்டே இல்லாத மாதிரி நடிக்குமுங்க" என்று சொல்லிக் கறுப்பையே எடுத்துவந்தார். அவரைப் பற்றி இந்த ஒன்றைச் சொன்னாலே போதும், மீதியை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

கோழித் தீவன ஆலையில் அப்போது எனக்கு வேலை. மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிற லேப் வேலை. எங்களை அழைத்துப் போகும் வேன் விடியற்காலையே வந்துவிடும். அதற்கு எழுந்திருக்க நான் அலாரம் வைத்ததே இல்லை. இருட்டுப் பிரிவதற்கு முன்பே கீழே வாளியின் காது 'டங்' என்று விழும். பிறகு 'சளார்' என்று முதல் தண்ணீர். மழை பெய்கிற நாளில்கூட மழை ஓயக் காத்திருந்து, 'மழைத்தண்ணி நல்ல தண்ணிதான். ஆனா வரும்போது வானத்துத் தூசியயெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துருது' என்று கழுவுவார். நான் புரண்டு படுத்துக்கொண்டு, இந்த மனிதருக்கு ஒரு நாளாவது உடம்புக்கு முடியாமல் போகாதா என்று நினைத்திருக்கிறேன். அந்த அளவு அலுப்பு.

அவர் கழுவுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஊறவிட வேண்டும். காய்ந்த தூசிமேல் துணியை வைக்கவே கூடாது. எங்கள் பக்கத்துத் தூசியில் கோழிப்பண்ணை எருவும் கல்பொடியும் கலந்திருக்கும்; வைத்துத் தேய்த்தால் பெயிண்டில் பூனை பிறாண்டியதுபோலக் கீறல் விழும். அப்புறம் சோப்புத் தண்ணீர், கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி. துணி அலச ஒரு வாளி, சோப்புக்கு ஒரு வாளி. சக்கரத்துக்கு வாளியும் தனி, துணியும் தனி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீர் உதவாது, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதற்குக் காவிரித் தண்ணீர்தான் வேண்டும். குழாயில் எப்போதாவது வருகிற அந்தக் குடிதண்ணீருக்கு அவர் மனைவி குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆட்டையாம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வாய் ஓயாது.

"ஏனுங்க, எனக்குக் கொழம்பு வெக்கத் தண்ணி இல்லீனாலும் பரவாயில்ல, உங்க சின்னூட்டுக்குத் தாகம் எடுக்கக்கூடாது. இந்தாங்க, இந்தக் கொடத்தையும் கொண்டுபோய் ஊத்துங்க!"

சின்னூடு என்றால் சின்ன வீடு. காருக்கு அப்படிப் பேர் வைத்தது அக்காதான். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் கார் சேலை கட்டியிருந்தது.

கடையில் விற்கிற உறை முரடாக இருக்கிறது, காற்றில் ஆடும்போது பெயிண்டை உரசுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார் ரிக்காரர். அக்காவின் பழைய நூல் சேலைகளைத் தையல்காரரிடம் கொடுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டுப்போட்டு, காருக்கு ஓர் உள்ளுறை தைத்து வந்தார். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம், சின்னச் சின்னக் கட்டம் என்று அக்காவின் கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்தக் காரின் மேல் போர்த்தியிருந்தது. துடைக்கிற துணியும் அவள் சேலைதான். புதுச் சேலை உதவாது. பல தடவை துவைத்து நைந்த சேலைதான் வேண்டும். அக்கா ஒரு சேலையை நாலு தடவை கட்டினாலே, முந்தானையை விரலால் நெருடிப் பார்ப்பார்.

"பாத்துக்க கண்ணு, பொண்டாட்டிய ஆசையாத் தொடறாருன்னு நெனச்சுக்காத. சேலை நைஞ்சுதான்னு பாக்கறாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள் அக்கா. எனக்கும் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து, அது சிரிப்பாக இருக்காது.

என் துணிகள் மாடிக் கொடியில் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. "சாமி, உன்ற துணி சொட்டுது" என்று கீழேயிருந்து குரல் வரும். இரண்டு தடவை பிழிந்து போட்டாலும் சொட்டுகிறது என்பார். ஒரு தடவை எனக்கும் கோபம் வந்து, "ஏனுங்ண்ணா, காருக்கு மேல கூரை போட்டுக்கலாமில்லீங்க?" என்று கேட்டேன். "கூரைல தூசி சேருமுங்கம்மா. சேந்து, காத்தடிச்சா மொத்தமா உழுகும். தூசி தூங்காது சாமி" என்றார். எனக்கு ஆயாசமாக இருந்தது. கொடியை வீட்டுக்குப் பின்பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டேன்.

அவர் மெழுகு போடும் நாட்களை மட்டும் நான் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். வெயில் தாழ்ந்ததும் தொடங்குவார். தட்டை டப்பாவிலிருந்து மெழுகைத் துணியில் விரல் நுனி அளவு தொட்டு, ஒரு கதவு முடிந்த பிறகுதான் அடுத்த கதவு என்று தடவுவார். அது வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆகும்வரை ஒன்றும் செய்யாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அப்போது மட்டும்தான் அவர் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். பிறகு வேறு துணியால் துடைத்தெடுப்பார். முடிந்ததும் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார். சேம்பு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டு ஓடும். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்ப்பேன். வராது. ஒரு வேலை முடிந்த களைப்புதான் இருக்கும். அடுத்த நிமிஷம் எங்கேயாவது ஒரு புள்ளியைப் பார்த்துவிடுவார்.

இவ்வளவும் செய்து அந்தக் கார் எங்கே போகும்? எங்கேயும் போகாது. பெட்ரோல் போட்டுவரப் போகும். விசேஷ நாளில், காற்றில் தூசி இல்லை என்றால், அவரும் அக்காவும் கோட்டைக் கோயில் வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்டு வருவார்கள். மற்றபடி அக்கா எங்கே போனாலும் பஸ்தான். அவருக்குமே பஸ்தான்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. பிறந்த வீட்டு வாசலில் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான். புருஷன் ரிக்கில் கிடந்த காலமெல்லாம் பஸ்ஸில் போய், தார் ரோட்டில் இறங்கி, குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் காட்டுக்கு நடுவே மண்தடத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள். கார் வந்த புதிதில் ஒரு தடவை சரி என்று கூட்டிப்போனாராம். தார் ரோடு முடிந்து மண்தடம் தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "இங்க எறங்கி நடந்துக்க. வண்டி உள்ள வந்தா அடியெல்லாம் சேறாயிரும்" என்றாராம்.

"நானு பையத் தூக்கிட்டு நடக்கறேன். தோட்டத்து வாசல்ல எங்க அண்ணன் கூட்டமா நிக்கறான், தங்கச்சி கார்ல வாராள்னு நாலு பேருகிட்டச் சொல்லி வெச்சுட்டு. நடந்து வாரவளப் பாத்துட்டு, 'கார் எங்க சாமி'ங்கறான். நான் என்னன்னு சொல்றது? பஞ்சராயிருச்சுண்ணான்னு சொன்னேன்." அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அக்கா இதைச் சொன்னாள். கத்தி நின்று நின்று ஓடியது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று நான் கேட்டதும் அன்றைக்குத்தான். ரிக் ஓடும்போது பாறையை அரைத்து மாவாக மேலே ஊதித் தள்ளுமாம். பகலில் சூரியனே தெரியாதாம். காதுக்குள், இமைக்குள், சோற்றுக்குள் எல்லாம் கல்மாவு. ஊருக்கு வந்தாலும் முதல் நாள் தலையணையில் வெள்ளையாக அது உதிருமாம். அப்படி ஒரு முறை வந்தபோது, நடக்கப் பழகிய மகள் அவரைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடி மாமன் காலைக் கட்டிக்கொண்டாளாம். அவர் கிணற்றடியில் பொழுது சாய்கிறவரை தேய்த்துத் தேய்த்துக் குளித்தாராம். அப்போதும் பிள்ளை வரவில்லை.

"மாமன்னா, எங்க அண்ணன். இவரு வடக்க இருந்த காலம் பூரா என்ற புள்ள வளந்தது எங்க அண்ணன் கையில. அம்மை போட்டப்ப வேப்பந்தழை வெச்சு ஊதுனதும் அவன்தான், பள்ளிக்கொடத்துல கொண்டுபோய்ச் சேத்ததும் அவன்தான்" என்றாள் அக்கா. அந்த மகள் இப்போது பெங்களூரில் வேலையாக இருந்தாள். அப்பாவோடு போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்குமேல் பேசமாட்டாள்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த இரக்கம் ரொம்ப நாள் தங்கவில்லை. அக்காவின் அண்ணன் வந்த நாளோடு அது போய்விட்டது.

பெரிய உடம்புக்காரர். ஒரு மூட்டைக் குச்சிக்கிழங்கைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். காலையில் பிடுங்கிய கிழங்கு, கையெல்லாம் செம்மண். ரிக்காரர் அப்போதுதான் மெழுகு போட்டு முடித்திருந்தார். "வாங்க மச்சா, வாங்க" என்றார். நல்ல சிரிப்போடுதான் சொன்னார். அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றுவதற்காக ஒற்றைக் காலில் நின்றபோது, சாய்வுக்குக் காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். யாரும் செய்கிற காரியம்தான். அவர் கையை எடுத்ததும், வாயால் "பஸ்ஸு கூட்டமுங்களா மச்சா?" என்று கேட்டுக்கொண்டே, தோளில் கிடந்த துணியை எடுத்து அந்தக் கைத்தடத்தைத் துடைத்துவிட்டார் ரிக்காரர்.

வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தான் துடைத்ததே அவருக்குத் தெரியாது. ஆனால் அண்ணன் பார்த்துவிட்டார். தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா கொடுத்த மோரைக்கூட நின்றுகொண்டே குடித்தார். "சோறாக்கிட்டேன், உக்காருண்ணா" என்று அக்கா கெஞ்சினாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் சாமி, பொழுதோட போயாவோணும்" என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த வாசற்படி ஏறவில்லை.

அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் ஓயாதவள் சும்மா இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. கிழங்கு மூட்டையைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டாள். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவள் காரைச் சின்னூடு என்று கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். காவிரித் தண்ணீருக்குச் சண்டை போடுவதும் நின்றுபோயிற்று. அவர் குடத்தை எடுத்தால் பேசாமல் நகர்ந்துகொள்வாள். சத்தமில்லாத அந்த வீட்டில், விடியற்காலை வாளிச் சத்தம் எனக்கு இன்னும் பெரிதாகக் கேட்டது.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை அண்ணன் வந்தார். தோட்டத்தில் தளம் போட்டுப் புது வீடு கட்டியிருந்தார், புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வந்திருந்தார். ஆனால் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டார். "சாமி, ஏ சாமி" என்று தங்கையைக் கூப்பிட்டார். அக்கா ஓடி வந்தாள். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கேட்டுக்கு மேலாகவே நீட்டினார்.

"பொறந்தவ நீ வந்து வெளக்கேத்துனாத்தான் நான் அந்த ஊட்டுல காலெடுத்து வெப்பேன். மொத நாளே வந்துரு."

"உள்ள வாண்ணா."

ரிக்காரரும் வாளியை வைத்துவிட்டு வந்தார். "வாங்க மச்சா, ஏனுங்க வெளியவே நின்னுட்டீங்க?"

"இருக்கட்டுமுங்க மாப்ள. காலெல்லாம் சேறு. நீங்க கழுவிட்டிருக்கறீங்க" என்றார் அண்ணன்.

அவர் காலில் சேறு இல்லை. துவைத்த வேட்டி, புதுச் செருப்பு. மேலேயிருந்து பார்த்த எனக்கே அது தெரிந்தது. ரிக்காரர் அந்தக் கால்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு, கைத்தடத்தைத் துடைத்த அந்தப் பழைய விஷயம் உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது அண்ணன் தெருமுனை தாண்டியிருந்தார்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம். சீர்த்தட்டு, விளக்கு, புடவை, பூ என்று சாமான்கள் இருந்ததால், துணைக்கு வா என்று அக்கா என்னை அழைத்திருந்தாள். நானும் ஒன்றரை நாள் லீவு போட்டிருந்தேன். கீழே இறங்கி வந்தால், கார் உறையெல்லாம் கழற்றி, வெளியே தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது. ரிக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"ஏறு. தோட்டத்து வாசலுக்கே போலாம்" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "நீ தட்ட எடுத்துக்க கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

"நாந்தான் வாரேங்கறேனல்ல?"

"என்ற அண்ணன் கைபடக் கூடாத வண்டி எனக்கு எதுக்குங்க? நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சொல்லிவிட்டு நடந்தாள். எனக்குக் கையில் தட்டு, மனசில் சங்கடம். அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் பின்னாலேயே போய்விட்டேன்.

பஸ்ஸில் கடைசி ஸீட்டுதான் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியதும் யதேச்சையாகத் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். கறுப்புக் கார் வந்துகொண்டிருந்தது. பஸ் நிற்கிற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதுவும் நின்றது. பஸ் கிளம்பியதும் கிளம்பியது. பஸ் கிளப்பிய புழுதி மொத்தமும் அதன் முகத்தில் போய் விழுந்தது. நடுவில் முட்டை வண்டி ஒன்று புகுந்தது. பிறகு கோழி எரு ஏற்றிய டிராக்டர் ஒன்று, தார்ப்பாய் விலகி, உதிர்த்துக்கொண்டே போனது. எதையும் அவர் முந்தவில்லை. கண்ணாடித் துடைப்பானைப் போட்டார். அது எருத்தூளை வாரி இழுத்து, கண்ணாடி முழுக்கப் பூசியது. காய்ந்த தூசியைத் துடைக்கக்கூடாது என்று பாடம் நடத்துகிற மனிதர்!

கண்டக்டருக்கே பொறுக்கவில்லை. "ஏனுங்க, நாமக்கல்லருந்து ஒரு காரு நம்ம வாலப் புடிச்சுக்கிட்டே வருது. ரோடு சும்மாதான கெடக்குது, முன்னால போலாமில்ல?" என்றார். ஸீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை. விளக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வீம்பா என்று இருந்தது. அதே சமயம் அழுகையும் வந்தது.

தார் ரோட்டில் இறங்கினோம். அந்தப் பக்கம் மட்டும் முந்தின நாள் மழை. வீட்டு வேலைக்கு மணலும் ஜல்லியும் ஏற்றிப் போன டிராக்டர்கள் மண்தடத்தை உழுது போட்டிருந்தன. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். முன்பு அவர் அக்காவை இறக்கி நடக்கவிட்ட இடம் அதுதான். கார் அங்கே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மெள்ள மூக்கைச் சேற்றுக்குள் இறக்கியது.

எங்கள்மேல் சேறு தெறிக்கக்கூடாதென்று எங்கள் நடைக்கு ஈடாக ஊர்ந்து வந்தார். சேற்றில் அப்படி ஊர்ந்தால் வண்டி தாங்குமா? தோட்டம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சக்கரம் புதைந்துவிட்டது. எஞ்சின் அலறியது. சேறு விசிறியடித்துக் கதவு, கண்ணாடி, கூரை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் அப்பியது. அந்தச் சத்தத்தில்தான் அக்கா முதல் தடவையாகத் திரும்பினாள்.

சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் அண்ணன். வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார், கை முழங்கை வரை வெள்ளை. ஓடி வந்தவர், அது யாருடைய கார் என்று தெரிந்ததும் காருக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு பழையபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "டேய், ஆரு கையாச்சும் சுத்தமா இருந்தா வந்து தள்ளுங்கப்பா" என்று ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

ரிக்காரர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். கூரையிலிருந்து வழிந்த சேறு அவர் முகமெல்லாம் ஒழுகியது.

"மச்சா, கைய வெய்யுங்க!"

அண்ணன் அசையவில்லை.

"கைய வெச்சுத் தள்ளுங்க மச்சா. நீங்க தள்ளாம இது நகராதுங்க!" அவர் குரல் உடைந்துவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அக்கா விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு, சேற்றில் இறங்கிப் போய், காரின் ஒரு பக்கம் தானும் தோளைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் இரண்டு உள்ளங்கைகளையும் டிக்கியின்மேல் பதித்து, 'ஊம்' என்று மூச்சுப் பிடித்துத் தள்ளினார்.

கார் தோட்டத்து வாசலில் போய் நின்றது. ஆனால் அக்கா அதிலிருந்து இறங்கவில்லை, அதைத் தள்ளிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தாள். அவள் ஆசைப்பட்டது இப்படித்தான் நிறைவேறியது. இறங்கிய மாப்பிள்ளைக்குக் கால் கழுவ அண்ணன் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "வண்டியையும் கழுவி உட்டர்லாமுங்க மாப்ள, நம்ம கெணத்துத் தண்ணி நல்ல தண்ணி" என்றார். "இருக்கட்டும் மச்சா. போறப்பவும் இதே சேத்துலதான போவோணும்" என்றார் அவர். விடியற்காலையில் அக்கா விளக்கேற்றினாள். சாயங்காலம் மூன்று பேரும் காரில் திரும்பினோம். உடம்பு அசந்துபோயிருந்தது. அக்கா முன் ஸீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல வாளிச் சத்தம். எழுந்து வந்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் பளபளவென்று இருந்தன. டிக்கி மட்டும் அப்படியே கிடந்தது. காய்ந்த சேற்றில் இரண்டு வெள்ளைக் கைகள், விரல் விரலாகப் பதிந்திருந்தன. ரிக்காரர் அதற்கு முன்னால் துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

அக்கா காபியோடு வெளியே வந்தாள்.

"இத ஏன் உட்டுட்டீங்க?"

"இருக்கட்டும்."

"காஞ்ச சேறும் சுண்ணாம்பும் பெயிண்டத் தின்னுரும்பீங்களே?"

"தின்னா தின்னுட்டுப் போவுது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காபி டம்ளரை அவர் கையில் திணித்தாள். அவர் தோளில் கிடந்த துணியை உருவினாள். அவளுடைய பழைய கத்திரிப்பூச் சேலையின் துண்டுதான் அது. காவிரித் தண்ணீர்க் குடத்தை எடுத்து டிக்கியின்மேல் கவிழ்த்து, ஊறவிட்டாள். பிறகு அழுத்தி ஒரே துடைப்பாகத் துடைத்தாள்.

"எங்க அண்ணன் என்ன செத்தா போயிட்டான், தடத்த வெச்சுக் கும்புடறதுக்கு? வெள்ளிக்கெழம கெழங்கு கொண்டாறேன்னிருக்கறான். வந்து அவனே மறுக்கா வெப்பான்" என்றாள்.